திரு. அமரர் சண்முகலிங்கம்

என் மனைவி றெஜினா ஒன்ராறியோ மாகாணச் சட்டசபையில் உறுப்பினர். நான் பஸ்ரியன், அவளுடைய கார்ச் சாரதி. சம்பளம் இல்லை. கார்ப் பாகங்கள் செய்கிற தொழிற்சாலையிலிருந்து ஓய்வு பெற்றபோது, இனிக் காலை நீட்டிக்கொண்டு ரிவி பார்க்கலாம் என்று மனக்கோட்டை கட்டியிருந்தேன். அந்த வருடம் பார்த்துத் தேர்தல் வந்து தொலைந்தது.

அதற்கு முதல் அவள் ரீச்சர். ஊரில், இளவாலையில் கொஞ்சக் காலம், பிறகு இங்கே ஸ்காபரோவில் இருபது வருடம், ஏழாம் எட்டாம் வகுப்புகளுக்குக் கணக்கும் ஆங்கிலமும். சனிக்கிழமைகளில் தமிழ் வகுப்பு வேறு. இன்றைக்கும் தொகுதியில் ஒருவரும் அவளை எம்பிபி என்று கூப்பிடுவதில்லை, ரீச்சர்தான். வாக்குக் கேட்டுப் போன வீடுகளில் தாடி வைத்த ஆண்பிள்ளைகள் அவளைக் கண்டதும் கையிலிருந்த போனை முதுகுக்குப் பின்னால் ஒளித்ததை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

அவளை அரசியலுக்குக் கொண்டுவந்தது ஒரு அரை மார்க்.

ஸ்காபரோவின் அஜின்கோர்ட் பகுதியில் சண்முகலிங்கம் என்று ஒருவர் இருந்தார். விமான நிலையத்துக்கு ராக்ஸி ஓடுகிறவர். மனைவி ரதிக்கு வங்கியில் வேலை. அவர்களுடைய மகன் ஜனார்த்தன் கணக்குப் பரீட்சையில் ஒரு அரை மார்க்கால் ஏ எடுக்காமல் போனான். புருசனும் பெண்சாதியும் பெற்றோர் சந்திப்புக்கு வந்து றெஜினாவின் முன்னால் அந்தத் தாளை விரித்தார்கள். அன்றைக்கு வகுப்பறையின் ஹீற்றர் வேலை செய்யவில்லை என்று அவளுக்குச் சுடச்சுடத் தேத்தண்ணி கொண்டுபோன நான் பின்வரிசை வாங்கில் உட்கார்ந்திருந்தேன்.

"ரீச்சர், விடை சரிதானே?" என்று ரதி கேட்டாள்.

"விடை சரி. எப்பிடி வந்ததெண்டு எழுதேல்லை. எப்பிடி வந்ததெண்டு சொல்லாத விடைக்கு என்னட்டை அரை மார்க்தான்."

"அந்த அரை மார்க்கால ஏ போகுது ரீச்சர். நீங்கள் நினைச்சாப் போடலாம்."

"நான் நினைச்சுப் போடுறது மார்க் இல்லை ரதி. அடுத்த முறை வழியை எழுதச் சொல்லுங்கோ."

ரதி கோபித்துக்கொண்டு போய் ஒரு வருடம் எங்களோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. சாமான் கடையில் கண்டால் மரக்கறிப் பக்கம் திரும்பிவிடுவாள். சண்முகலிங்கம் நேர் எதிர். தன் ராக்ஸியில் ஏறின தமிழர் எல்லாருக்கும் அந்த அரை மார்க்கின் கதையைச் சொன்னார். விமான நிலையத்திலிருந்து ஸ்காபரோ வரும்வரைக்கும் நீட்டிச் சொல்லக்கூடிய கதையாக அதை ஆக்கி வைத்திருந்தார். என்ர மகனுக்குக்கூட அரை மார்க் களவாகப் போடாத மனுசி என்று சொல்லும்போது அவருக்குக் குரல் தழுதழுக்குமாம்.

றெஜினா படிப்பித்தது போர்ட்டபிள் என்கிற பெட்டி வகுப்பறையில். பள்ளிக்கூடக் கட்டடத்தில் இடம் இல்லாமல் முற்றத்தில் கொண்டுவந்து இறக்குவார்களே, அது. மழைக்கு ஒழுகும். பனிக்குப் பிள்ளைகள் ஜாக்கெற்றோடு இருந்து பின்னக் கணக்குச் செய்வார்கள். அவள் பாடசாலைச் சபைக்கு எழுதினாள், கத்தினாள், ஒருமுறை வாளியில் பிடித்த ஒழுக்குத் தண்ணீரைக் கூட்டத்துக்கே தூக்கிக்கொண்டு போய் வைத்தாள். அது பத்திரிகையில் வந்தது. ஒரு கட்சிக்காரர் வீடு தேடி வந்து, இதையெல்லாம் சட்டசபையில் வந்து பேசுங்கள், ஆளுங்கட்சியில் இருந்தால்தான் காரியம் நடக்கும் என்றார். சண்முகலிங்கம் ராக்ஸியை நிறுத்திவிட்டு ஒரு மாதம் வீடு வீடாக ஏறி இறங்கினார். கதவு திறந்ததும் அவர் சொல்வது ஒன்றேதான்.

"அரை மார்க்கைக் களவாத் தராத மனுசி ஒராள் சபைக்குப் போகட்டன்."

றெஜினா வென்றாள். பிறகு நடந்ததை அவளுடைய புருசன் என்ற முறையில் நான் மரியாதையாகச் சொல்லப் பார்க்கிறேன்.

சபையில் அவளுக்கு எப்போதாவது ஒன்றரை நிமிடம் பேசக் கிடைக்கும். பேச்சைக் கட்சிக் காரியாலயம் எழுதி அனுப்பும். கொப்பியடித்த பிள்ளைகளைத் தாய் தகப்பனைக் கூட்டிவரச் சொன்னவள், எவனோ எழுதினதை எழுந்து நின்று தன் பேச்சாக வாசிக்கிறாள். சிலவேளை அவள் மந்திரியிடம் கேள்வி கேட்பாள். அந்தக் கேள்வியை எழுதி அனுப்புவது மந்திரியின் ஆட்கள். பதிலை எழுதுவதும் அவர்களே. இதற்கு எங்கள் ஊரில் வினாத்தாள் வெளியாகிவிட்டது என்று சொல்லிப் பரீட்சையையே நிறுத்துவார்கள். போர்ட்டபிள் விசயம் இன்னும் பரிசீலனையில் இருக்கிறது. வாளி எங்கள் விட்பி வீட்டுக் கராச்சில் இருக்கிறது. தொகுதி ஸ்காபரோவில், வீடு விட்பியில். அதையும் கேட்காதீர்கள்.

மிச்ச நேரம் முழுக்கச் சேர்ட்டிபிக்கற். நீல மட்டையில் பொன்னிற முத்திரை போட்ட வாழ்த்துப் பத்திரம். அரங்கேற்றத்துக்கு ஒன்று, ஐம்பதாவது பிறந்தநாளுக்கு ஒன்று, புடைவைக்கடை திறப்புக்கு ஒன்று. சாமத்திய வீட்டுக்கும் கொடுக்கிறோம். ஒரு பெண்பிள்ளை பெரியபிள்ளையானதற்கு ஒரு சட்டசபை எழுத்தில் வாழ்த்துச் சொல்கிற தேசம் உலகத்தில் இது ஒன்றாகத்தான் இருக்கும். வருடத்துக்கு ஒரு ஏ போட யோசித்தவள், இப்போது சனிக்கிழமை ஒரு நாளிலேயே பத்துப் பேரைச் 'சிறப்பானவர்' ஆக்கிவிடுகிறாள். நான் கார் ஓட, அவள் பக்கத்து இருக்கையில் மடியில் அடுக்கி வைத்துக் கையெழுத்துப் போட்டுக்கொண்டே வருவாள்.

"வாசிச்சுப்போட்டு வையுமன்," என்று ஒருநாள் சொன்னேன்.

"இதில வாசிக்க என்ன கிடக்கு? எல்லாம் ஒண்டுதான்," என்றாள்.

போன மாரியில் சண்முகலிங்கத்துக்கு நெஞ்சில் சளி கட்டி மூச்சு முட்டியது. அம்புலன்ஸ் வந்து கொண்டுபோனது. ஆஸ்பத்திரியில் கட்டில் இல்லை. கொரிடோரில், கழிவறைக் கதவுக்குப் பக்கத்தில், சில்லு வைத்த படுக்கையில் விட்டார்கள். கதவு திறக்கிற ஒவ்வொரு முறையும் அவருடைய கால் இடிபட்டது. ரதி நின்றபடி நின்றாள், உட்காரக் கதிரை இல்லை. இரண்டாம் நாள் மத்தியானம் அவர் அங்கேயே செத்துப்போனார். அதற்குப் பிறகு உடனே ஒரு தனி அறை கிடைத்தது. இதை ரதி சொன்னபோது எனக்கு எவரையாவது பிடித்து அடிக்க வேண்டும் போலிருந்தது. யாரை என்று தெரியாமல் சும்மா இருந்தேன்.

மலர்ச்சாலையில் பிரேதப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்ற ரதி றெஜினாவின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"ரீச்சர், இவற்ற பேரைச் சபையில சொல்லவேணும். எப்பிடிச் செத்தவரெண்டும் சொல்லவேணும். உங்களை அங்க அனுப்பினது இவர்தானே."

"கட்டாயம் சொல்லுவன் ரதி," என்றாள் றெஜினா. அவள் மனதாரத்தான் சொன்னாள். எனக்கு என் மனைவியைத் தெரியும்.

வீட்டுக்கு வந்து பேச்சைத் தன் கையாலேயே எழுதினாள். இத்தனை வருடத்தில் அது முதல் தடவை. எழுதி, சிவப்புப் பேனையால் தானே திருத்தி, கட்சிக் காரியாலயத்துக்கு அனுப்பினாள். மறுநாள் அது திருத்தத்தோடு திரும்பி வந்தது. சண்முகலிங்கத்தின் பெயர் இல்லை. கொரிடோர் இல்லை. கழிவறைக் கதவு இல்லை. ஸ்காபரோவில் வசந்தகாலப் பூங்கொடித் திருவிழா தொடங்கப்போவதைப் பற்றி ஒன்றரை நிமிடம் இருந்தது. சுகாதார மந்திரி போன வாரம்தான் சபையில் எழுந்து, எங்கள் ஆஸ்பத்திரிகளின் கொரிடோர்களில் இப்போது ஒருவரும் இல்லை என்று சொல்லிக் கைதட்டு வாங்கியிருந்தாராம். அந்தக் கைதட்டில் றெஜினாவின் கையும் இருந்தது. அடுத்த தேர்தலுக்குக் கட்சிக்குள் வேட்பாளர் தெரிவு நடந்துகொண்டிருந்த நேரம் வேறு. வீடு விற்கும் முகவர் கிளிபோட் அந்த ஆசனத்தில் எப்போதோ கண் வைத்துவிட்டார். அவருடைய சிரித்த முகம் பஸ் தரிப்பிடம் எல்லாவற்றிலும் ஏற்கெனவே ஒட்டியிருக்கிறது.

"தெரிவு முடியட்டும். பிறகு சொல்லுறன்," என்றாள் என்னிடம்.

"ரதியிட்டைச் சொல்லும், என்னட்டை ஏன் சொல்லுறீர்?" என்று கேட்டேன். அன்றைக்கு இரவுச் சாப்பாட்டுக்கு எனக்கு வெறும் பாண் துண்டுதான் கிடைத்தது.

இப்படி இருக்கும்போது சண்முகலிங்கத்தின் முப்பத்தோராம் நாள் நினைவு நெருங்கியது. ரதி வீட்டிலிருந்து நினைவு அட்டை வந்தது. நம்முடைய ஆட்களின் கலியாண அட்டையையும் மரண அட்டையையும் இந்த ஊரில் ஒரே அச்சகம்தான் அடிக்கிறது. ரோசாப்பூ அதே ரோசாப்பூ, குத்துவிளக்கு அதே குத்துவிளக்கு. நடுவில் கோட்டும் ரையும் போட்டு, மகனின் பட்டமளிப்பு நாளில் எடுத்த படத்தில், சண்முகலிங்கம் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார். கீழே 'அமரர் சண்முகலிங்கம்' என்று கொட்டை எழுத்து, 31ஆம் நாள், மண்டபத்தின் பெயர், மதிய போசனம்.

றெஜினா காரில் வரும்போது தொகுதிக் காரியாலயத்துக்குப் போன் போட்டாள்.

"நடாஷா, சண்முகலிங்கத்தின்ர முப்பத்தொண்டுக்கு ஒண்டு அடிச்சு வையும். கார்ட் மேசையில கிடக்கு."

நடாஷாதான் காரியாலயத்தை நடத்துகிறவள். வயது முப்பது, அரசியல் விஞ்ஞானத்தில் முதுகலைப் பட்டம். ஹெல்த் கார்ட்டோ, வாடகைத் தகராறோ, யாருடைய சிக்கலையும் போனிலேயே முடித்து வைப்பாள், கெட்டிக்காரி. இங்கே பிறந்தவள், தமிழை எழுத்துக் கூட்டி வாசிப்பாள். அந்த எழுத்தை அவளுக்குச் சனிக்கிழமை வகுப்பில் படிப்பித்தது றெஜினாவேதான்.

மண்டபம் நிறைந்திருந்தது. தேவாரம் படித்தார்கள், நினைவுரைகள் நடந்தன. றெஜினாவும் இரண்டு வார்த்தை பேசி, சண்முகலிங்கம் போன்ற ஒருவரை இனிக் காண்பது அரிது என்று சொல்லி, நீல மட்டையை ரதியின் கையில் கொடுத்தாள். எங்களுடைய விழாக்களில் சேர்ட்டிபிக்கற் கொடுத்தால் மட்டும் போதாது. அறிவிப்பாளர் அதை வாங்கி, உரத்து, தமிழாக்கி வாசிக்கவேண்டும். அன்றைய அறிவிப்பாளர் அன்புராசா. பேர்போன வெண்கலக் குரல். அவர் வாசிக்கும்போது வாய் மட்டும்தான் வேலை செய்யும், காது அதில் கலந்துகொள்வதில்லை.

"ஒன்ராறியோ மாகாணச் சட்டசபையின் சார்பில், திரு. அமரர் சண்முகலிங்கம் அவர்களே!" என்று தொடங்கினார். "தங்களுடைய முப்பத்தொன்றாவது நிறைவை முன்னிட்டு எமது மனமார்ந்த வாழ்த்துகள்! இன்று போல் என்றும் நல்ல ஆரோக்கியத்துடன், இன்னும் பல முப்பத்தொன்றுகளைத் தாங்கள் கண்டு களிக்க வேண்டும்!"

குரல் ஏறி நின்ற இடத்தில் சனம் பழக்கதோசத்தில் கை தட்டியது. கை தட்டி முடிந்த பிறகுதான் முன்வரிசையில் ஒருவர் மற்றவரைத் திரும்பிப் பார்த்தார். அன்புராசா மட்டும் அசையாமல், "அடுத்து மதிய போசனம்," என்றார். பாதிச் சனம் எழும்பிவிட்டது. சோறு என்று ஒன்று இருந்ததால் அன்றைக்குத் தப்பினோம்.

ரதியின் முகத்தை நான் பார்த்தேன். அழவில்லை, ஏசவில்லை. மட்டையை மூடி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "நன்றி ரீச்சர்," என்றாள். அதைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

காரில் றெஜினா போனை ஸ்பீக்கரில் போட்டாள்.

"நடாஷா, அமரர் எண்டா என்ன?"

"மிஸ்? அவற்ற ஃபேர்ஸ்ட் நேம்."

"என்ன?"

"அமரர். எங்கட கம்யூனிட்டில வெரி பொப்பியுலர் நேம், மிஸ். கார்ட்ஸ் வருமே, அமரர் பொன்னையா, அமரர் செல்லத்துரை. எல்லாரும் ஓல்டர் ஜெனரேஷன். அந்த ரைம்ல உது ஃபேஷன் எண்டு நினைச்சன்."

"முப்பத்தொண்டு?"

"வெடிங் அனிவர்சரி. கார்ட்ல ரோஸஸ் இருந்ததே."

றெஜினா கண்ணை மூடிக்கொண்டாள். "இதுக்கு முதலும் உப்பிடி அனுப்பினனீரோ?"

"சம்ரைம்ஸ்," என்றாள் நடாஷா. "நோபடி கம்ப்ளெயிண்ட், மிஸ்."

நான் சிரித்துவிட்டேன். வேண்டுமென்று சிரிக்கவில்லை, அடக்க முடியவில்லை. நெடுஞ்சாலையின் ஓரத்தில் காரை நிறுத்திக் கண்ணைத் துடைக்க வேண்டியிருந்தது. துடைக்கும்போதுதான் அதில் சிரிப்பு மட்டும் இல்லை என்று தெரிந்தது. சண்முகலிங்கம் நல்ல மனுசன்.

"அவளை நான் ஏசேலாது," என்றாள் றெஜினா, வெளியே பார்த்தபடி. "அம்மா படிப்பிச்சன், ஆடு படிப்பிச்சன். சாவு எங்கட பாடத்திட்டத்தில இல்லை."

"கையெழுத்து வைச்சது ஆர்?" என்று கேட்டேன்.

அந்தப் பத்திரம் ரதியிடம் இருப்பது ஆபத்து. கிளிபோட்டின் கையில் அதன் படம் ஒன்று கிடைத்தால் போதும், வேட்பாளர் தெரிவு அன்றைக்கே முடிந்துவிடும். மூன்றாம் நாள் நாங்கள் அஜின்கோர்ட்டுக்குப் போனோம். றெஜினா புதிதாக அடித்த அனுதாபப் பத்திரம் ஒன்று வைத்திருந்தாள். இதை மட்டும் எழுத்து எழுத்தாக வாசித்துத்தான் கையெழுத்துப் போட்டிருந்தாள்.

கதவைத் திறந்ததும் நேர் எதிரே சுவரில் சண்முகலிங்கத்தின் படம், மாலை, சின்ன மின்விளக்கு. அதற்குக் கீழே, கண்ணாடிச் சட்டத்துக்குள், எங்கள் வாழ்த்துப் பத்திரம்.

"ரதி, அதில ஒரு பிழை நடந்துபோச்சு," என்று றெஜினா தொடங்கினாள். "ஒபிஸில..."

"தெரியும் ரீச்சர். நான் வங்கியில இங்கிலீஷ் வாசிச்சுத்தான் சம்பளம் எடுக்கிறன். அன்புராசா அண்ணை வாயைத் திறக்க முதலே விளங்கிட்டுது."

"பிறகேன் கொளுவி வைச்சிருக்கிறீங்கள்? தாங்கோ, இதைக் கொளுவுங்கோ."

ரதி புதிய பத்திரத்தை வாங்கி நிதானமாக வாசித்தாள். மடித்துத் திருப்பிக் கொடுத்தாள்.

"இதுதான் ரீச்சர் பிழை. அதில ஒரு பிழையும் இல்லை. மந்திரி என்ன சொன்னவர்? கொரிடோரில ஒருத்தரும் இல்லை எண்டவர். நீங்களும் கை தட்டினனீங்கள், நான் ரிவியில பாத்தனான். அப்ப இவர் அங்க இருக்கேல்லை. அங்க இல்லாத மனுசன் அங்க எப்பிடிச் செத்திருப்பார்? உங்கட அரசாங்கத்தின்ர கணக்கில இவர் உயிரோடதான் இருக்கிறார். அதுதான் நல்லா இருக்கச் சொல்லி வாழ்த்தி இருக்கிறீங்கள். அது சுவரில இருக்கட்டும்."

அவள் சத்தம் போடவில்லை. எங்களுக்குத் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டுத்தான் சொன்னாள். றெஜினா கோப்பையைத் தொடவே இல்லை. வகுப்பில் விடை தெரியாத பிள்ளைகள் மேசையைப் பார்ப்பார்கள் என்று அவள் சொல்வாள். அன்றைக்கு அவள் மேசையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். என் மனைவிமேல் எனக்குக் கோபம் இருந்தது. ஆனாலும் அந்த இடத்தில் அவளை அப்படிப் பார்க்க நெஞ்சு பொறுக்கவில்லை.

எழும்பும்போது றெஜினா சொன்னாள்: "வாற செவ்வாய்க்கிழமை சபைக்கு வாங்கோ ரதி. இவர் காரில வந்து உங்களை ஏத்துவார்."

"பேரைச் சொல்லுவீங்களோ?"

"வாங்கோ," என்றாள்.

செவ்வாய்க்கிழமை ரதியை ஏற்றிக்கொண்டு, சட்டசபை இருக்கிற குயின்ஸ் பார்க்குக்குப் போனேன். பையையும் போனையும் கீழே வாங்கி வைத்துக்கொண்டு எங்களை மேல்மாடத்துக்கு விட்டார்கள். மேலே இருந்து பார்க்க உறுப்பினர்களின் உச்சந்தலைகள்தான் தெரியும். ரதி கறுப்புக் கரை போட்ட சேலை கட்டி, கைகளை மடியில் கோத்துக்கொண்டு என் பக்கத்தில் இருந்தாள்.

உறுப்பினர் உரைகள் தொடங்கின. றெஜினாவின் முறை வந்தது. எழுந்தாள். கையில் தாள் இருந்தது. இப்போது தாளைக் கீழே வைப்பாள், இப்போது வைப்பாள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். வைக்கவில்லை. பூங்கொடித் திருவிழாவைப் பற்றி ஒன்றரை நிமிடமும் வாசித்தாள். எத்தனை நிறத்தில் எத்தனை பூக்கள் என்றெல்லாம் அதில் இருந்தது. அவளுடைய கட்சிக்காரர் மேசையில் தட்டினார்கள். ரதியின் முழங்கை என்னிடமிருந்து கொஞ்சம் விலகியது. எனக்கு எழும்பிப் போய்விட வேண்டும் போல இருந்தது.

அதற்கடுத்துச் சபையில் ஒரு வழக்கம் உண்டு. மேல்மாடத்தில் இருக்கிற விருந்தினரைத் தொகுதி உறுப்பினர் எழுந்து அறிமுகம் செய்வார். பள்ளிக்கூடப் பிள்ளைகள், மாமன், மச்சான், யார் வேண்டுமானாலும். அதை ஒருவரும் எழுதிக் கொடுப்பதில்லை, ஒருவரும் சரிபார்ப்பதும் இல்லை. றெஜினா எழுந்தாள். இந்த முறை கையில் தாள் இல்லை.

"சபாநாயகர் அவர்களே," என்று ஆங்கிலத்தில் சொன்னாள். "என் தொகுதியிலிருந்து வந்திருக்கும் திருமதி ரதி சண்முகலிங்கத்தை வரவேற்கிறேன்." நிறுத்தினாள். "அவருடைய கணவர், என்னை இந்தச் சபைக்கு அனுப்பி வைத்தவர், திரு. அமரர் சண்முகலிங்கத்தையும் இந்தச் சபைக்கு வரவேற்கிறேன்."

சபை கை தட்டியது. இரண்டு பக்கமும் தட்டியது. சுகாதார மந்திரி தலையை நிமிர்த்தி மேலே பார்த்தார். ரதிக்குப் பக்கத்தில் ஒரு ஆண்பிள்ளை இருந்தான், அவன் நான். மந்திரி என்னைப் பார்த்து முகமெல்லாம் சிரிப்பாகக் கையசைத்தார். எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் என்ன செய்வேன்? எழுந்து நின்று கையசைத்தேன். செத்த மனுசனுக்காகத்தான் அந்தக் கையைத் தூக்கினேன். ரதி என்னை அண்ணாந்து பார்த்தாள். பிறகு அவளும் எழுந்து நின்றாள்.

அமர்வு முடிந்து வெளியே கொரிடோரில் நின்றோம். மந்திரி அந்த வழியால் வந்தார், கை கொடுத்தார்.

"மிஸ்டர் அமரர்! எப்படிச் சுகமாக இருக்கிறீர்கள்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"மிகவும் சுகம்," என்றேன். வேறு என்ன சொல்வது? மந்திரிக்குச் சந்தோசம். என் தோளில் தட்டிவிட்டு உதவியாளர்களோடு நடந்துபோனார்.

ரதி அவர் போன பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "கொரிடோரில ஆள் நிக்கிறது இவற்ற கண்ணுக்குத் தெரியுது போல," என்றாள்.

அப்போது றெஜினா கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். ஓடி வந்தவள் போல மூச்சு வாங்கியது. ரதியின் இரண்டு கையையும் பிடித்தாள். கண் கலங்கியிருந்தது.

"ரதி, பேர் பதிஞ்சாச்சு. சபையில சொன்ன ஒவ்வொரு சொல்லும் அச்சில ஏறும். கட்சியாலயும் இனி அதை அழிக்கேலாது. நான் சொல்லுவன் எண்டனான், சொல்லிப்போட்டன். சரிதானே?"

ரதி கையை இழுக்கவில்லை. றெஜினாவின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. பெற்றோர் சந்திப்பில் றெஜினா அவளைப் பார்த்தது இப்படித்தான்.

"விடை சரி ரீச்சர்," என்றாள். "எப்பிடி வந்ததெண்டு சொல்லேல்லை. அரை மார்க்."

றெஜினா வாயைத் திறந்தாள், பிறகு மூடிக்கொண்டாள். மார்க்குக்காக வாதாடுகிறவர்களை அவளுக்கு ஒருநாளும் பிடிக்காது.